வடக்கு விட்டத்தில் இல்லை

கேள்வி: தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு கிராமத் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். "வடக்கு எங்கே?" என்றால் பிள்ளைகள் விட்டத்தைக் காட்டுகிறார்கள். "காவிரி ஏன் மேலேயிருந்து கீழே வராமல் குறுக்கே போகிறது டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. 38 மாவட்டங்களையும் தலைநகரங்களையும் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள்; படத்தில் தொட்டுக் காட்டச் சொன்னால் விழிக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அந்தப் பையனின் கேள்வியிலிருந்தே தொடங்குங்கள். விட்டத்தைக் காட்டும் பிள்ளைகள் கவனிக்காத பிள்ளைகள் அல்ல. சுவரில் தொங்கும் படத்தில் வடக்கு விட்டத்தின் பக்கம்தான் இருக்கிறது, பார்த்ததைச் சொல்கிறார்கள். ஆகவே முதலில் படத்தை ஆணியிலிருந்து கழற்றித் தரையில் விரியுங்கள். படத்தின் வடக்கு நிஜ வடக்கைப் பார்க்க வேண்டும். அதற்கு நிஜ வடக்கு எது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

'சூரியன் உதிக்கும் பக்கம் கிழக்கு' என்பது பேச்சுக்குச் சரி, கோடு போடுவதற்குப் போதாது. மார்ச் 21, செப்டம்பர் 23 ஆகிய நாட்களை ஒட்டித்தான் சூரியன் நேர் கிழக்கில் உதிக்கிறது. ஜூனில் நம் பக்கத்தில் ஏறக்குறைய 24 பாகை வடக்கே தள்ளியும், டிசம்பரில் அதே அளவு தெற்கே தள்ளியும் உதிக்கும். உச்சி வெயிலில் நிழல் வடக்கே விழும் என்று சொல்லிக்கொடுப்பதிலும் சிக்கல் உண்டு. தஞ்சாவூரில் ஏப்ரல் மூன்றாம் வாரத்துக்கும் ஆகஸ்ட் நான்காம் வாரத்துக்கும் இடையில் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். நிழல் தெற்கே விழும். பள்ளி திறந்த கையோடு ஜூனில் இந்தப் பாடத்தை எடுத்தால் வடக்கும் தெற்கும் தலைகீழாகிவிடும்.

எந்த மாதத்திலும் தப்பாத முறை ஒன்று உண்டு. சுமார் 50 செ.மீ. நீளத்தில் மெல்லிய, நேரான குச்சி ஒன்றை மைதானத்தில் சமதளமான இடத்தில் நடுங்கள். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, குச்சி எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கிறதா என்று பாருங்கள். காலை 10.30 மணிவாக்கில் நிழலின் நுனியில் ஒரு கல்லை வையுங்கள். குச்சியின் அடியில் கயிறு கட்டி, அந்தக் கல் வரைக்குமான நீளத்தில் ஒரு வட்டம் போடுங்கள். நிழல் சுருங்கி வட்டத்துக்குள் போகும், பிறகு வளர்ந்து வெளியே வரும். பிற்பகல் 2 மணியை ஒட்டி நிழல் நுனி மறுபடி வட்டத்தைத் தொடும் இடத்தில் இன்னொரு கல். இரண்டு கல்லையும் இணைக்கும் கோடு கிழக்கு மேற்கு. காலைக் கல் மேற்கு, பிற்பகல் கல் கிழக்கு. அதற்குச் செங்குத்தாகக் குச்சி வழியாகப் போடும் கோடு வடக்கு தெற்கு.

இதைக் கெடுப்பது பெரும்பாலும் மேகம்தான். காத்திருந்த நிமிடத்தில் சூரியன் மறைந்தால் ஒரு நாள் வீண். அதனால் 10, 10.30, 11 மணிக்கு என்று மூன்று வட்டம் போட்டு வையுங்கள், ஒன்றாவது கைகொடுக்கும். கோட்டைச் சுண்ணாம்பால் அழுத்திப் போட்டு ஆண்டு முழுக்க அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பேசித் திசைகாட்டியை இரும்பு பெஞ்சு, ஜன்னல் கம்பி பக்கத்தில் வைத்தால் முள் விலகும், அதை வகுப்பறைக்குள் நம்ப வேண்டாம்.

இனி காவிரி. 'மேலே', 'கீழே' என்ற சொற்களைப் படத்தின் முன் நின்று நாமே சொல்லிச் சொல்லித்தான் குழப்பம் வந்தது. 'இமயமலை மேலே இருக்கிறது, கன்னியாகுமரி கீழே' என்று இனி சொல்லாதீர்கள். வடக்கே, தெற்கே என்றே சொல்லுங்கள். நம் மொழியில் மேல் என்பது மேற்கு, கீழ் என்பது கிழக்கு. மேலவீதி, கீழவீதி என்று பிள்ளைகள் தினமும் சொல்கிறார்களே! மேற்கே மலை, கிழக்கே கடல் என்று சரியும் மண்ணில் பிறந்த திசைப்பெயர்கள் இவை. தலைக்காவிரி கடல் மட்டத்துக்கு 1,200 மீட்டருக்கும் மேலே, தஞ்சாவூர் நகரம் சுமார் 60 மீட்டர், பூம்புகாரில் கடல். ஏறக்குறைய 800 கி.மீ. தூரமும் ஆறு மேலேயிருந்து கீழேதான் வருகிறது, அந்தப் பையன் நினைத்த கீழே வேறு, அவ்வளவுதான்.

இதைச் சொல்வதைவிடக் காட்டுங்கள். 60 செ.மீ. நீளமுள்ள ஒரு தகரத் தட்டில் முக்கால்வாசிக்கு ஈர மணலை 4 செ.மீ. உயரம் பரப்புங்கள். மீதி வெறுமையாக இருக்கட்டும், அது கடல். மணல் உள்ள பக்கத்தை மைதானத்துக் கோட்டின்படி மேற்கே வைத்து, அடியில் 5 செ.மீ. உயரக் கட்டை கொடுங்கள். மூடியில் ஓட்டை போட்ட ஒரு லிட்டர் பாட்டிலிலிருந்து, மேற்கு ஓரத்தில் ஒரே இடத்தில் மெல்ல நீர் விடுங்கள். நீர் முதலில் மணலுக்குள் இறங்கும், பிறகு ஒரு கோடாக அரித்து ஓடும். கடலைத் தொடும் இடத்தில் வேகம் தணிந்து, கொண்டுவந்த மணலைப் போட்டுவிட்டு இரண்டு மூன்றாகப் பிரியும். விசிறி போல விரியும் அந்த மணல் திட்டை விரலால் தொட்டு, "நம்ம ஊரு இங்கதான் இருக்கு" என்று சொல்லுங்கள். கட்டையை இன்னும் உயர்த்தினால் நீர் நேராக அறுத்துக்கொண்டு போய்விடும், கிளை பிரியாது. காய்ந்த மணல் நீரைக் குடித்துவிடும். கோப்பையால் கொட்டினால் எல்லாம் கலைந்துவிடும். அடுத்து, தட்டைத் திருப்பித் தெற்கை உயர்த்தி ஓட விடுங்கள். அது நைல், வடக்கே ஓடும் ஆறு.

இதன் பிறகுதான் படம் வரைவது. மேசைமேல் டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், அழிப்பானை வைத்து, நேர் மேலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று வரையச் சொல்லுங்கள். பாதிப் பேர் பாட்டிலை நிற்க வைத்தே வரைவார்கள். பாட்டிலைத் தாளில் நிறுத்தி அடியைச் சுற்றிக் கோடு போட்டு எடுத்துவிட்டால் வட்டம் மிஞ்சும், சண்டை தீரும். பிறகு வகுப்பறை. கணக்கு நோட்டில் ஒரு தப்படிக்கு ஒரு கட்டம். ஒரு பிள்ளைக்கு 14 தப்படி, இன்னொன்றுக்கு 17 வரும். வரட்டும். அளவு எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அவர்களே கேட்ட பின் ஒரு மீட்டர் கயிற்றைக் கொடுங்கள்.

ஊர்ப் படம் போடும்போது ஒரு எச்சரிக்கை: யார் வீடு எந்தத் தெருவில் என்று வகுப்பில் குறிக்கச் சொல்லாதீர்கள். பல ஊர்களில் தெருப்பெயரே சாதியைச் சொல்லிவிடும். பள்ளி, குளம், ரேஷன் கடை, பஸ் நிறுத்தம், வாய்க்கால் போதும்.

மாவட்டங்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். படத்தைத் தரையில் திசை பார்த்து விரித்து, முதலில் தஞ்சாவூரைச் சுற்றியுள்ள மாவட்டங்களை மட்டும் எடுங்கள். பிள்ளை தஞ்சாவூர்மேல் நின்று, நாகப்பட்டினம் பக்கம் கையை நீட்டட்டும். கை கிழக்கே போகும். மறுபடி சுவரில் மாட்டும்போது வடக்குச் சுவராகப் பாருங்கள். மேற்குச் சுவரில் மாட்டினால் படத்தின் இடப்பக்கம் மேற்கு என்கிறது, பிள்ளையின் இடக்கையோ தெற்கில் இருக்கிறது. வடக்குச் சுவரில் ஆணி இல்லையென்றால் ஓர் ஆணி அடித்துக்கொள்ளுங்கள்.