சுவிஸ் ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகளில் வழிகாட்டி இல்லாமல் நடக்க முடியுமா?

தாராளமாக முடியும். பாதைப் பலகைகளைப் படிக்கத் தெரிந்தால் போதும். வெறும் மஞ்சள் என்றால் சுலபமான நடை. வெள்ளை-சிவப்பு-வெள்ளைப் பட்டை இருந்தால் மலைப்பாதை. செங்குத்தும் குறுகலும் வரும், நல்ல பிடிப்புள்ள காலணி அவசியம். வெள்ளை-நீலம்-வெள்ளை கண்ணில் பட்டால் திரும்பிவிடுங்கள், அது பனியாறும் பாறையும் பழகியவர்களுக்கு. பலகையில் போட்டிருக்கும் நேரத்தில் ஓய்வு சேராது. சமதளத்தில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் என்ற கணக்கு அது. படம் எடுத்துக்கொண்டே நடக்கும் நம்மைப் போன்றவர்கள் பாதி நேரம் கூட்டிக்கொள்வது நல்லது.

முதல்முறை என்றால் லௌட்டர்புருன்னன் பள்ளத்தாக்கைச் சொல்வேன். 297 மீட்டர் உயர ஸ்டௌப்பாக் அருவியைத் தாண்டி ஸ்டெகெல்பெர்க் வரை பெரிய ஏற்றமே இல்லை. அப்புறம் மேலே கிம்மெல்வால்ட், மியூரன் கிராமங்கள். ஏற முடியாவிட்டால் கேபிள் கார் இருக்கிறது. ஜூன் கடைசியில்கூட உயரமான கணவாய்களில் பனி கிடக்கலாம், ஜூலை முதல் செப்டம்பர் வரை சரி.