குழந்தைப் பராமரிப்பு ஏன் எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை?

பெற்றோர் வேலைக்குப் போகும் நேரத்தில் குழந்தையை வேறொருவர் பார்த்துக்கொள்வதுதான் குழந்தைப் பராமரிப்பு. பாட்டி, ஆயா, காப்பகம் என்று அது பல வகை. எது கிடைக்கும் என்பதைச் சம்பளம் தீர்மானிக்கிறது. அதைவிட, எந்த மாதிரி வேலை என்பது தீர்மானிக்கிறது.

மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-இல் வந்த திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பக வசதி வேண்டும் என்றது. முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் 26 வார விடுப்பும் தந்தது. ஐ.டி. ஊழியருக்குச் சரி. தினக்கூலிச் சித்தாளுக்கு? கட்டட வேலை நடக்கும் இடத்தில் பாருங்கள்: சாரக் கம்பில் சேலைத் தூளி, அதை ஆட்டிக்கொண்டு எட்டு வயது அக்கா. அவள் பள்ளிக்கூடம் போவது அன்றைக்கு அவ்வளவுதான். அடுக்குமாடி வீட்டில் பிறர் குழந்தையைத் தூக்கி வளர்க்கும் ஆயாவும், தன் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத்தான் வருகிறார்.

இதை டவுன் பஸ்ஸோடு ஒப்பிடலாம். கார் வைத்திருப்பவர் நினைத்த நேரத்தில் கிளம்புவார். மற்றவர், பஸ் வரும் நேரத்துக்குத் தன் நாளை வளைக்க வேண்டும். ஷிஃப்ட் முடியும்போது கடைசி பஸ் போயிருந்தால் நடைதான்.

“அதுதான் இலவச அங்கன்வாடி இருக்கிறதே” என்று பலர் சொல்வார்கள். 1975-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் சத்துணவும் முன்பருவக் கல்வியும் உண்டு, ஆனால் பெரும்பாலான மையங்களில் உட்கார்ந்து படிப்பது மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள்தான். ஆறு மாதக் கைக்குழந்தையை அங்கே விட்டுவிட்டு இரவு ஏழு மணிக்கு வந்து கூட்டிப்போக முடியாது.