ஓரம் கருகும், நடு வேகாது

கேள்வி: வட்ட கேக் டின்னில் நன்றாக வரும் என் வாழைப்பழ கேக், புதிதாக வாங்கிய கறுப்பு நிற பிரெட் டின்னில் ஓரம் கருகி, நடுவில் வேகாமல் நிற்கிறது. நடுவில் குழாய் உள்ள டின் வாங்கலாமா? வீட்டிலுள்ள கும்பகோணம் பித்தளைத் தாம்பாளம் உதவுமா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: குறை மாவில் இல்லை. பிரெட் டின்னில் மாவு உயரமாக நிற்பதால் வெப்பம் நடுப்பகுதியை அடையத் தாமதமாகிறது. கறுப்பு டின்னோ வெப்பத்தை அதிகம் உறிஞ்சி, அதற்குள் ஓரத்தைக் கருக்கிவிடுகிறது. ஓவனின் சூட்டைச் சுமார் 15 டிகிரி செல்சியஸ் குறைத்து, கூடுதல் நேரம் வேகவிடுங்கள்.

உளுந்துவடைக்கு நாம் எதற்காகத் துளை இடுகிறோமோ, அதற்காகத்தான் டின்னின் நடுவிலும் குழாய் வைக்கிறார்கள். அமெரிக்காவின் நார்டிக் வேர் நிறுவனம் 1950இல் வார்த்த, நடுக்குழாயும் மடிப்புச் சுவரும் உள்ள பண்ட் டின்னின் மடிப்புகள் அனைத்திலும் வெண்ணெய் தடவி மாவு தூவ வேண்டும். நடுக்குழாயும் நேரான சுவரும் உள்ள ஏஞ்சல் கேக் டின்னிலோ ஒரு சொட்டு எண்ணெயும் கூடாது, ஏனெனில் முட்டை வெண்கருவால் உப்பும் அந்தக் கேக் சுவரைப் பற்றிக்கொண்டே மேலேறுகிறது, தலைகீழாகக் கவிழ்த்துத்தான் ஆறவைக்கப்படுகிறது. உங்களுக்குப் பண்ட் டின்னே பொருந்தும். பக்கவாட்டில் கொக்கியும் தனியாகக் கழலும் அடித்தட்டும் உள்ள ஸ்பிரிங்ஃபார்ம் டின், சீஸ் கேக்குக்கு உரியது. நீர்த்த மாவு அதில் கசியும்.

ஈயம் பூசாத பித்தளையில் புளிப்புள்ள மாவு பட்டால் களிம்பேறும். தாம்பாளம் பூசைக்கே இருக்கட்டும்.