டியூசனுக்கு நிற்கும் பிள்ளைகளை வைத்து அணி கட்டலாமா?

கேள்வி: மட்டக்களப்பில் ஒரு மகளிர் கல்லூரியில் கூடைப்பந்தாட்டத்தைப் பொறுப்பெடுத்திருக்கிறேன். பாதிப்பேர் வலைப்பந்தாட்டத்திலிருந்து வந்தவர்கள். உயரமான பிள்ளைகளும் இல்லை. ஓரளவு பழகியதும் உயர்தரம், டியூசன் என்று நின்றுவிடுகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?
– ஓர் ஆசிரியை

பதில்: அன்புள்ள டீச்சர், நீங்கள் கடைசியாகச் சொன்னதிலிருந்தே தொடங்குங்கள். ஆட்டம் கைக்கு வரும் நேரத்தில் பிள்ளை நின்றுவிட்டால் எந்தப் பயிற்றுநராலும் அணி கட்ட முடியாது. அமெரிக்காவில் டெனசி பல்கலைக்கழகப் பெண்கள் அணியை 1974இல், 22 வயதில் பொறுப்பெடுத்தவர் பாட் சமிட். 1,098 ஆட்டங்களையும் எட்டுத் தேசியப் பட்டங்களையும் வென்றார். வகுப்பில் முன் மூன்று வரிசைக்குள் இருக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். அவரிடம் முழுக்காலமும் ஆடிய அத்தனை பேரும் படிப்பை முடித்துப் பட்டம் பெற்றார்கள். பெற்றோர் கூட்டத்தில் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

அப்புறம், ஒவ்வொரு பிள்ளையின் டியூசன் நேரத்தையும் எழுதி வாங்கிக்கொண்டு பயிற்சி நேரத்தைப் போடுங்கள். வாரத்தில் மூன்று நாள் போதும். ஆறு மணிக்கு முடியும் என்றால் ஆறு மணிக்குப் பிள்ளை கேற்றடியில் நிற்க வேண்டும். பத்து நிமிடம் பிந்தினாலும் காத்து நிற்கும் அம்மாவுக்கு மனம் மாறிவிடும்.

வலைப்பந்திலிருந்து வந்தவர்கள் என்று கவலைப்படாதீர்கள். பந்தைப் பிடிப்பதும் ஆள் பார்த்து எறிவதும் அவர்களுக்கு ஏற்கனவே வரும். வளையத்தின் உயரமும் இரண்டிலும் 3.05 மீற்றர்தான். சிக்கல் கால்களில் இருக்கிறது. வலைப்பந்தில் பந்தோடு ஓட முடியாது, பந்து வைத்திருப்பவளை மூன்றடி தள்ளி நின்றுதான் தடுக்கலாம். அந்தப் பழக்கத்தில், பந்து கைக்கு வந்ததும் பிள்ளை அப்படியே நின்றுவிடும், எதிராளிக்குக் கிட்டப் போகவும் தயங்கும். முதல் மாதம் இதற்கே போகட்டும். ஒருத்தி பந்தைத் தட்டிக்கொண்டு வர, மற்றவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு காலால் மட்டும் வழிமறிக்க வேண்டும். கையை நீட்டிப் பறிக்கப் பார்ப்பதில்தான் பாதி ஃபவுல் வருகிறது. மாரியில் மைதானம் நனைந்து கிடந்தால் பந்தில்லாமல் இதையே விறாந்தையில் செய்யலாம்.

உயரக் குறைவுக்கும் வழி உண்டு. வலைப்பந்துக் கம்பத்தில் பின்பலகை இல்லாததால், பலகையில் பட்டுத் திரும்பும் பந்து, அதாவது ரீபவுண்ட், இவர்களுக்குப் புதிது. எறிந்த பந்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். முதலில் தன் ஆளை முதுகால் மறித்துவிட்டுப் பிறகு பந்துக்குப் போகப் பழக்குங்கள். குள்ளமான பிள்ளையும் ரீபவுண்ட் எடுக்கும். பந்து 6ஆம் இலக்கமாக இருக்கட்டும். ஆண்கள் பாடசாலையில் இரவல் வாங்கும் 7ஆம் இலக்கப் பந்து வேண்டவே வேண்டாம்.

இந்த ஊருக்குக் கூடைப்பந்து புதிதல்ல. புனித மிக்கேல் கல்லூரிப் பையன்களைப் பழக்கியவர்களில், 1990இல் காணாமற்போன அமெரிக்க இயேசுசபைத் துறவி அருட்தந்தை யூஜின் ஹேபர்ட்டும் ஒருவர். நம் பெண்பிள்ளைகளுக்கும் அப்படி ஒருவர் கிடைக்க வேண்டும் என்பது என் நீண்டநாள் ஆசை. தயவுசெய்து ஒரு தோல்வியோடு விட்டுவிடாதீர்கள்.

அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்கு 2025 வரை 12 தேசியப் பட்டங்கள் வென்று கொடுத்த பயிற்றுநர் ஜீனோ ஓரியெம்மா, பயிற்சியில் ஆண் மாணவர்களை எதிரணியாக இறக்குவார். நம் பெற்றோர் அதற்குச் சம்மதிப்பது கஷ்டம். நீங்கள் பழைய மாணவிகளைக் கூப்பிடுங்கள், சனிக்கிழமையில் வருவார்கள். ஒருத்தியிடம் கொப்பியைக் கொடுத்து, யார் எத்தனை ரீபவுண்ட் எடுத்தாள், எத்தனை தரம் பந்தைப் பறிகொடுத்தாள் என்று எழுதச் சொல்லுங்கள். அடுத்த கிழமைப் பயிற்சிக்கு என்ன தேவை என்று அந்தக் கொப்பியைப் பார்த்தே முடிவெடுக்கலாம்.