பாரம் சுமந்து பிழைத்த மிதிவண்டிப் பட்டறை

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பழைய பாணி மிதிவண்டிகளைச் செய்யும் பாஷ்லி என்ற சிறு நிறுவனம் இங்கிலாந்தில் இன்னும் இயங்குவதாக அறிகிறேன். ராலே போன்ற பெரிய நிறுவனங்களே அங்கு உற்பத்தியை நிறுத்திவிட்ட பிறகு, இது மட்டும் எப்படித் தாக்குப்பிடித்தது? பழமையின் மீது மக்களுக்குள்ள ஏக்கம்தான் காரணமா?
– வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: ஏக்கத்துக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. ஆனால் அதையே முதற்காரணமாகச் சொன்னால் அந்தப் பட்டறையின் உழைப்பைக் குறைத்து மதிப்பிட்டதாகிவிடும். 1926-இல் பர்மிங்காமில் வில்லியம் ராத்போன் பாஷ்லி தொடங்கிய இந்நிறுவனம், 1960-களில் ஷேக்ஸ்பியர் பிறந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்ட்-அபான்-ஏவனுக்கு இடம்பெயர்ந்து, இன்றுவரை அங்கேயே இயங்கிவருகிறது. தொடக்கம் முதலே அதற்குச் சோறு போட்டவை, இறைச்சிக் கடையும் ரொட்டிக் கடையும் வீடு வீடாகச் சரக்கு அனுப்பப் பயன்படுத்திய சுமை வண்டிகளும், பொருள் ஏற்றும் மூன்று சக்கர வண்டிகளுமே. பிற்பாடு பிரிட்டிஷ் அஞ்சல் துறை தன் தபால்காரர்களுக்குப் பல ஆண்டுகள் பாஷ்லி வண்டிகளையே வாங்கியது. அந்தத் துறை மிதிவண்டிகளைக் கைவிட்டபோது பட்டறைக்கு விழுந்த அடி சிறிதல்ல. ஆனால் 2017-இல் லண்டன் மாநகரின் பொது வாடகைத் திட்டத்துக்கான புதிய மிதிவண்டிகளைச் செய்யும் வேலை அதற்கே கிடைத்தது. நாள் முழுவதும் முன்பின் அறியாதவர்கள் மாறி மாறி ஓட்டி, மழையிலும் வெயிலிலும் தெருவிலேயே கிடக்கப்போகும் வண்டியைச் செய்வதற்கு, தபால் பை சுமந்த வண்டியைச் செய்த கைகளைவிடப் பொருத்தமானவை எவை இருக்க முடியும்?

ராலேயின் நிலைமை வேறு. நாட்டிங்ஹாமில் அது நடத்திய பிரம்மாண்டமான ஆலை, ஆண்டுதோறும் மிகப் பெரிய எண்ணிக்கையில் விற்றால்தான் கட்டுப்படியாகும் அளவுக்கு வளர்ந்திருந்தது. ஆசிய நாடுகளிலிருந்து மலிவான வண்டிகள் வந்து குவிந்தபோது அந்தப் பருமனே அதற்குச் சுமையாகிவிட, 2002-இல் அங்கு உற்பத்தி நின்றுபோனது. பாஷ்லி அந்த அளவுக்கு வளர்ந்ததே இல்லை. அது அதற்கு நல்லதாகப் போயிற்று என்றே கருதுகிறேன்.

கேள்வி: அந்தச் சுமை வண்டிகளின் படங்களில் முன்சக்கரம் மட்டும் மிகச் சிறிதாகத் தெரிகிறதே, ஏன்?
– வாசகி ஒருவர், மதுரை

பதில்: பின்சக்கரம் 26 அங்குலம் என்றால் முன்சக்கரம் 20 அங்குலம் அளவில் இருக்கும். முன்சக்கரத்தின் உயரம் குறைவதால் அதற்கு மேலுள்ள கூடையும் தாழ்வாக அமைந்து, பாரம் தரைக்கு அருகே வந்துவிடுகிறது. நிறுத்தி ஏறி இறங்கும்போது வண்டி ஒரு பக்கமாகச் சாய்வதில்லை. இதைவிட நுட்பமான வேறொன்றும் உண்டு. கூடையைத் தாங்கும் கேரியர் ஹேண்டில்பாரிலோ ஃபோர்க்கிலோ பொருத்தப்படாமல், பிரேமோடு சேர்த்தே பொருத்தப்பட்டிருக்கும். ஓட்டுபவர் ஹேண்டிலைத் திருப்பினால் சக்கரம் மட்டுமே திரும்பும். கூடை நேராகவே நிற்கும். ஹேண்டிலில் குடத்தையோ கனத்த பையையோ மாட்டிக்கொண்டு திருப்பத்தில் தடுமாறியவர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே புரியும்.

கேள்வி: பாஷ்லியின் பழைய பாணி வண்டி ஏறத்தாழ 20 கிலோ எடை என்கிறார்கள். இன்றைய இலேசான வண்டிகள் இருக்க, இதை ஏன் ஒருவர் விலை கொடுத்து வாங்க வேண்டும்?
– வாசகர் ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: பாஷ்லியின் ரோட்ஸ்டர் சாவரின் என்ற ஆடவர் வண்டியையும், பிரின்சஸ் சாவரின் என்ற மகளிர் வண்டியையும் எடுத்துக்கொள்வோம். அந்த எடை எங்கெங்கே போயிருக்கிறது என்று பார்த்தால் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும். செயின் முழுவதும் உறைக்குள் மூடப்பட்டிருப்பதால் வேட்டியோ சேலையோ கால்சட்டையோ கறைபடாது. தூசியும் நீரும் புகாததால் செயினும் நெடுநாள் உழைக்கும். பிரேக் கட்டைகள் ரிம்மைப் பிடிப்பதற்குப் பதிலாக, சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பின் உள்ளே அடைபட்டிருக்கின்றன. மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் ரப்பர் கட்டை வழுக்கிக்கொண்டு போவதை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். இந்த வகை பிரேக்கில் அந்தத் தொல்லை இல்லை.

கியரும் அப்படியே பின்சக்கர ஹப்புக்குள் ஒளிந்திருக்கிறது. 1902-இல் நாட்டிங்ஹாமில் பிறந்து, 2000-க்குப் பிறகு தைவானுக்குப் போன ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனத்தின் தயாரிப்பு அது. ஐந்து கியர் ஹப்பில் மூன்றாவது நேர் கியர், அதாவது பின்பக்கப் பற்சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்று சுற்றும். முதல் கியரில் சக்கரம் அதில் 62.5 விழுக்காடு அளவே சுழலும், ஐந்தாவதில் 160 விழுக்காடு சுழலும். நகரத்தில் ஓட்டுபவருக்கு இதில் பெரிய வசதி, வண்டி நிற்கும்போதே கியரை மாற்றிக்கொள்ள முடிவதுதான். சிக்னலில் திடீரென நிற்க நேர்ந்தாலும், புறப்படும்போது கனத்த கியரில் திணற வேண்டியதில்லை.

பிரேமைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழாய்கள் சேரும் மூலைகளில் லக் எனப்படும் இரும்பு மூட்டுகளைச் செருகி, நெருப்பில் காய்ச்சிப் பித்தளையை உருக்கி விடுகிறார்கள். பித்தளை ஏறத்தாழ 900 டிகிரியில் உருகி, குழாய்க்கும் மூட்டுக்கும் இடையிலுள்ள மயிரிழை இடைவெளியில் தானாகவே ஊறிப் பரவுகிறது. இரும்பு உருக அதைவிட மிக அதிகச் சூடு தேவை என்பதால், குழாய் உருகாமலே மூட்டு இறுகிவிடுகிறது. எங்கே எவ்வளவு சூடு காட்டுவது என்பதைக் கண்ணால் பார்த்து அறியும் தொழிலாளி இருந்தால்தான் இது நடக்கும். அத்தகையோரைத் தக்கவைத்திருப்பதே இந்தப் பட்டறையின் உண்மையான முதலீடு.

கேள்வி: எங்கள் வீட்டில் தாத்தா காலத்து ஹெர்குலஸ் வண்டி ஒன்று கிடக்கிறது. அதற்கும் இந்த இங்கிலாந்து வண்டிகளுக்கும் உறவு உண்டா?
– வாசகர் ஒருவர், திருவண்ணாமலை

பதில்: நெருங்கிய உறவு உண்டு. ஹெர்குலஸும் பர்மிங்காமில் பிறந்த பெயர்தான். 1949-இல் முருகப்பா குழுமம், ஹெர்குலஸைத் தன்வசம் வைத்திருந்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து சென்னைக்கருகே அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிலைத் தொடங்கியபோது, அந்தப் பெயரும் அந்த வண்டியின் வடிவமும் இங்கே வேர்பிடித்தன. நிமிர்ந்து உட்காரும் அமைப்பு, 28 அங்குலச் சக்கரம், கேபிளுக்குப் பதிலாக இரும்புக் கம்பிகளால் இயங்கும் கம்பி பிரேக் எல்லாம் அந்த வழியில் வந்தவையே.

உங்கள் வண்டியைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். முதலில் பிரேமின் மூட்டுகளையும், பெடல் அச்சு செல்லும் அடிப்பகுதியையும் துடைத்து, விரிசல் உண்டா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மேலாகப் படிந்த துருவைப் பற்றிக் கவலை வேண்டாம். பிரேம் நன்றாக இருந்தால், பழைய வண்டிகளில் கைபழகிய ஒரு கடைக்காரரிடம் கொடுத்து முழுவதும் ஓவராயில் செய்து, பால்ரஸ் மாற்றி, இரண்டு வீலுக்கும் கோட்டம் எடுக்கச் சொல்லுங்கள். கம்பி பிரேக்கின் இணைப்புகளைக் கழற்றும்போது எந்தத் துண்டு எங்கிருந்தது என்று படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஏனெனில் அவற்றுக்கான மாற்றுப் பாகங்கள் எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை.