கரிசல் மண்ணில் கோல்ஃப் புல்தரை: எதற்குப் பணம் கொடுக்கிறோம்?

கேள்வி: திருமங்கலத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் 25 அடி நீளம், 12 அடி அகலத்தில் காலி இடம் இருக்கிறது. கோல்ஃப் பழகும் என் மகள் விடுமுறை நாட்களில் பந்தைக் குழியில் உருட்டிப் பயிற்சி செய்வதற்காக அங்கே செயற்கைப் புல்தரை போட நினைக்கிறேன். மண் முழுவதும் கரிசல். பார்க்க வந்த ஒப்பந்தக்காரர், மேல்மண்ணைச் சுரண்டிவிட்டு இரண்டு அங்குலம் எம்-சாண்ட் பரப்பிப் புல்லை விரித்தால் போதும் என்கிறார். புல்லுக்கு ஐந்து ஆண்டு வாரண்டி தருவதாகச் சொல்லி, முக்கால் பங்குப் பணத்தை முன்பணமாகக் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இந்த ஏற்பாட்டுக்குக் கொடுக்க வேண்டாம். பங்குனி, சித்திரையில் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் கரிசல் தரை, ஐப்பசி மழை இறங்கியதும் உப்பி, அந்த வெடிப்புகளையெல்லாம் தானே மூடிக்கொள்வதை நீங்கள் ஆண்டுதோறும் பார்த்திருப்பீர்கள். அதன் மேல் பரப்பிய இரண்டு அங்குல மணல் முதல் கோடையிலேயே வெடிப்புகளுக்குள் இறங்கிவிடும். அழகுக்காகப் போட்ட புல்தரையில் இப்படி ஏற்படும் மேடுபள்ளம் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். பந்தை மெதுவாக உருட்டும் தரையிலோ சிறு பள்ளம்கூடப் பந்தின் போக்கைத் திருப்பிவிடும். அவர் சொல்லும் வாரண்டி பெரும்பாலும் புல்லின் நிறம் மங்குவதற்கும் இழை உதிர்வதற்குமானது. தரை அமுங்கினால் அது உங்களுக்கு உதவாது.

ஆகவே, விலைப்பட்டியலில் புல்லுக்கு முன்பாக அடித்தள வேலையை எழுதித் தரச் சொல்லுங்கள். சுமார் ஓர் அடி ஆழத்துக்குக் கரிசலை வெட்டி அகற்ற வேண்டும். நான்கு அங்குலம் கிராவல் கொட்டி இறுக்க வேண்டும். அதன் மேல் ஜியோடெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் செயற்கைத் துணி) விரித்து, ஆறு அங்குலம் ஜல்லியும், கடைசியாக ஓர் அங்குலம் குவாரி டஸ்டும் (கல்தூள்) போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாகத் திம்சு இயந்திரத்தால் இறுக்க வேண்டும். துணியை மட்டும் விட்டுவிடச் சம்மதிக்காதீர்கள். அது இல்லாவிட்டால் ஜல்லி கீழே அமிழ்ந்து, களி மேலே ஏறிவிடும். உங்கள் 300 சதுர அடிக்கு ஜல்லி மட்டும் இறுகிய நிலையில் ஒன்றரை யூனிட் (ஒரு யூனிட் என்பது 100 கன அடி) ஆகிறது; இறுகும்போது குறைவதையும் சேர்த்தால் இரண்டு யூனிட்டுக்கு நெருங்கி வரும். வெட்டி எடுக்கும் மூன்று யூனிட் மண்ணை யார் அப்புறப்படுத்துவது என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். வேலை முடிந்த பிறகு தகராறு வருவது பெரும்பாலும் அந்த மண் குவியலை வைத்துத்தான்.

இவ்வளவு செய்தாலும், கரிசலின் அசைவு ஓர் அடி ஆழத்துக்கும் கீழே உள்ளது என்பதால், அது குறையுமே தவிர அடியோடு நிற்காது. எனவே தண்ணீரை அங்கே தங்கவிடாமல் இருப்பதுதான் முக்கியம். தரைக்கு வீட்டுச் சுவரிலிருந்து விலகிச் செல்லும் வாட்டம் வேண்டும். நீளவாட்டில் 25 அடிக்கு மூன்று அங்குலம் சரிவு இருந்தால் போதும். தாழ்ந்த ஓரத்தில் துளையிட்ட பி.வி.சி. குழாயைப் பதித்து வெளியே வடிகாலுக்குக் கொண்டு செல்லுங்கள். களிமண்ணில் தோண்டும் உறிஞ்சுகுழி கிணறாக நிற்குமே தவிர, தண்ணீரைக் குடிக்காது. வேலைக்கு ஏற்ற காலம் தை, மாசி. மண் சேறாகவும் இருக்காது, வெடித்தும் கிடக்காது.

புல் விரிப்பதற்கு முந்தைய நாள் நீங்களே ஒரு சோதனை செய்யுங்கள். இறுக்கிய டஸ்ட் தரை மீது இரண்டு வாளித் தண்ணீரைப் பரவலாக ஊற்றி, கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். எங்கெல்லாம் தண்ணீர் தேங்கி மினுங்குகிறதோ அங்கெல்லாம் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, அந்த இடங்களைச் சரிசெய்த பிறகே புல்லை எடுத்துவரச் சொல்லுங்கள்.

புல்லைப் பொறுத்தவரை, மொட்டைமாடிக்கு விற்கும் 35, 40 மில்லிமீட்டர் புல் இதற்கு உதவாது. பந்து அதில் புதைந்து நின்றுவிடும். 12 முதல் 15 மில்லிமீட்டர் உயரத்தில், நெருக்கமான இழை கொண்ட, பந்து உருட்டுவதற்கென்றே விற்கும் ரகத்தைக் கேளுங்கள். சுருள்கள் பொதுவாக இரண்டு மீட்டர் அகலத்தில், அதாவது ஆறரை அடியில் வருகின்றன. 12 அடிக்கு வெட்டினால் மிச்சத்துக்கும் சேர்த்தே பணம் கொடுப்பீர்கள். இடம் இருந்தால் தரையை 13 அடியாக்கிவிடுங்கள். இரண்டு துண்டுகளின் இழையும் ஒரே திசையில் சாய்ந்திருக்க வேண்டும், ஒட்டு குழிக்கு அருகே வரக்கூடாது. 108 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழியின் அடிப்பகுதி ஜல்லி அடுக்கைத் தொட வேண்டும், இல்லையேல் ஒவ்வொரு மழைக்கும் அதில் தண்ணீர் நிற்கும். மதுரை வெயிலில் நண்பகலில் இந்தத் தரை வெறுங்கால் வைக்க முடியாத அளவுக்குச் சுடும் என்பதையும் மகளிடம் சொல்லிவையுங்கள்.

முன்பணம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். அடித்தளம் முடிந்து தண்ணீர்ச் சோதனை தேறியதும் அடுத்த பங்கைக் கொடுங்கள். பத்து சதவீதத்தையாவது ஒரு வடகிழக்குப் பருவமழை கழியும்வரை நிறுத்திவைப்பதாக எழுத்தில் ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். அதற்கு மறுப்பவர், தன் அடித்தளத்தின் மீது தனக்கே நம்பிக்கை இல்லை என்று சொல்கிறார் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

கேள்வி: இதே போன்ற தரையைச் சென்ற ஆண்டு பேரையூரில் போட்டோம். மழையில் நடுப்பகுதி அமுங்கிவிட்டது. போட்டவர் இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் எதையும் பிரிக்காதீர்கள். பள்ளத்தின் குறுக்கே நேரான கட்டையை வைத்து, நடுவில் அளவுகோலை நிறுத்தித் தேதியுடன் படம் எடுங்கள். பிறகு வேறொரு கொத்தனார் முன்னிலையில் ஒரு மூலையை மட்டும் தூக்கி, அடியில் உண்மையில் என்ன போடப்பட்டிருக்கிறது என்பதையும் படமெடுத்து வையுங்கள். விலைப்பட்டியல், வங்கிப் பரிமாற்ற விவரம், வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றின் நகல்களுடன், 15 நாள் கெடு கொடுத்து ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள்.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். அதிலும் தீராவிட்டால், 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவைக் குறைபாடு என்று மதுரையிலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். ஒப்பந்தக்காரர் வேறு ஊர்க்காரராக இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர இந்தச் சட்டம் இடமளிக்கிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பதால், அடுத்த மழைவரை காத்திருக்காமல் இந்த வாரமே கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.