ஆடு மேய்ந்த காடு

அன்புள்ள அக்கா,

தண்டையார்பேட்டையில் மூன்றாவது மாடிக்கு மேல் மொட்டை மாடி. ஒன்பது ஜேட் குச்சிகளை ஒரே தட்டில் நட்டு, காடு போல போன்சாய் வளர்க்கிறேன். ஒன்றரை வருடம் ஆகிறது. ஞாயிறுதோறும் நுனி கிள்ளி, எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் வைத்திருக்கிறேன். இலை அடர்த்தியாக இருக்கிறது, தண்டு மட்டும் பென்சில் கனத்தைத் தாண்டவில்லை. பார்த்தால் காடு மாதிரியும் இல்லை. என்ன உரம் போட்டால் தண்டு தடிக்கும்? செடியை இப்படி வெட்டிக்கொண்டே இருப்பது பாவம் என்று வீட்டில் சொல்கிறார்கள். எந்தத் திசையில் வைத்தால் பணம் வரும் என்றும் அவர்களே கேட்கிறார்கள். அடுத்து அடீனியத்தில் ஒரு காடு செய்யலாமா? படம் இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

*

அன்புள்ள தம்பி,

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். எந்தத் திசையில் வைத்தால் பணம் வரும்? வெயில் வரும் திசையில் வையுங்கள், செடியாவது வரும். அடீனியத்தில் காடு? வேண்டாம். அடி பருத்து, இலை நீண்ட செடி அது. ஒற்றையாக நின்றால் ராஜா. ஒன்பதைச் சேர்த்து வைத்தால் கருணைக்கிழங்குக் கடை.

பாவம் என்று வீட்டில் சொல்வதை மட்டும் அப்படித் தட்டிவிட மனம் வரவில்லை. சில நாட்களாகவே என் தலைக்குள் ஓடிக்கொண்டிருப்பது இந்தச் செடியை மேய்கிற மிருகங்கள்தாம்.

நம் ஊர் நர்சரிகளில் ஜேட் என்ற ஒரே பெயரில் இரண்டு செடிகள் விற்கின்றன. கரண்டி போல் தடித்த பெரிய இலை உள்ளது கிராசுலா ஓவாட்டா. நம் புழுக்க இரவுகளில் அது சோம்பி நிற்கும், ஐப்பசி மழையில் அழுகும். சுண்டுவிரல் நக அளவு இலையும் செம்பழுப்புத் தண்டும் உள்ளது போர்டுலகேரியா ஆஃப்ரா. உங்கள் படத்தில் இருப்பது இரண்டாவது. பிழைத்தீர்கள்.

இதன் சொந்த ஊர் தென்னாப்பிரிக்கா. ஈஸ்டர்ன் கேப் பகுதியின் வறண்ட புதர்க்காடுகளில் ஆள் உயரத்துக்கு மேல் வளரும். அங்கே அதன் பெயர் ஸ்பெக்பூம். யானைக்கு அது சோறு. மிச்சமிருந்த 11 யானைகளைக் காக்க 1931-இல் அட்டோவில் ஒரு தேசியப் பூங்கா அமைத்தார்கள், அந்தக் காட்டிலும் இந்தச் செடிதான் நிறைய. யானை மேலிருந்து தின்னும். கிளையைச் சுற்றிப் பிடித்து ஒடிக்கும்; பாதி வாய்க்குள் போகும், பாதி கீழே விழும், விழுந்த துண்டு மண்ணில் வேர்விடும். செடியின் அடிக்கிளைகள் பாவாடை விரித்ததுபோல் சுற்றிலும் மண்ணைத் தொட்டு வேர்பிடித்துக் கிடக்கும், அதற்கு ஒன்றும் ஆகாது. யானை நகர்ந்துவிட்டால் செடிக்கு நீண்ட ஓய்வு. ஆடு வந்தால் கதை வேறு. எட்டும் உயரத்தில், அடியிலும் பக்கத்திலும், அன்றாடம் கொறிக்கும். பாவாடை போய்க் குடை மட்டும் மிஞ்சும். பிறகு குடையும் சாயும். ஆட்டுப் பட்டிகள் பெருகிய இடங்களில் அந்தப் புதர்க்காடு பெரும்பரப்பில் அழிந்துபோனது.

வீட்டில் சொல்லுங்கள், இது ஒடிபட்டுப் பிழைக்கவே பழகிய செடி என்று. முருங்கையை ஒடித்து வளர்க்கணும், பிள்ளையை அடித்து வளர்க்கணும் என்பார்கள். பிள்ளைப் பாதியை விட்டுத்தள்ளுங்கள், முருங்கைப் பாதி சரி. ஆனால் ஒடிக்கிற மிருகம் எது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. தம்பி, நீங்கள் ஆடு.

கோபித்துக்கொள்ளாதீர்கள். ஞாயிறு காலையில் கத்தரிக்கோலோடு மாடி ஏறி, நீட்டிக்கொண்டிருக்கும் தளிரையெல்லாம் சமமாகக் கிள்ளுவதில் ஒரு நிம்மதி இருக்கிறது, தெரியும். அந்த நிம்மதிதான் உங்கள் தண்டைப் பென்சிலாக வைத்திருக்கிறது. ஒரு தளிர் தடையில்லாமல் நீண்டு, இலைமேல் இலை விட்டு, அவை சமைக்கும் உணவு கீழே இறங்கினால்தான் தண்டு பருக்கும். நுனி போன ஒவ்வொரு முறையும் செடி இருந்ததைச் செலவழித்துப் புதுத் தளிர் விடுகிறது. வாரம் ஒரு முறை அப்படிச் செய்தால் சேமிப்பு எங்கிருந்து வரும்? இலை அடர்த்தியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கும். குரோட்டன்ஸ் வேலிகூட அடர்த்தியாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, ஒன்பதையும் ஒரே உயரத்தில் வைத்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொல்கிறீர்கள். எந்தக் காட்டில் ஐயா மரமெல்லாம் ஒரே உயரம்? கிழவன் இருப்பான், அவன் நிழலில் மெலிந்தவன் இருப்பான், ஓரத்தில் வெளிச்சத்துக்காக வெளியே சாய்ந்தவன் இருப்பான். அந்த வித்தியாசம் தண்டின் கனத்தில் தெரிய வேண்டும். உயரத்தை ஒரே நாளில் வெட்டிச் சரிசெய்துவிடலாம். கனத்துக்கு வருடங்கள் வேண்டும்.

ஆகவே காட்டைக் கலையுங்கள். மூன்று குச்சிகளைத் தேர்ந்தெடுத்துத் தட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். ஐந்து சென்டிமீட்டர் ஆழத் தட்டில் எதுவும் சீக்கிரம் தடிக்காது. காசிமேட்டில் மீன் வந்து இறங்கும் தெர்மாகோல் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். நல்ல தண்ணீரில் நாலைந்து முறை கழுவி உப்பையும் வாடையையும் போக்கி, அடியில் கட்டைவிரல் நுழையும் அளவில் எட்டுத் துளை போட்டு, மேலே நைலான் கொசுவலைத் துண்டு விரியுங்கள். தெர்மாகோல் என்பதால் மாடித் தரையின் சூடு வேருக்கு ஏறாது. அப்படியும் இரண்டு செங்கல்மேல்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் துளை அடைபடும். மண்கலவை: உடைத்துச் சலித்த செங்கல் துண்டு மூன்று பங்கு, பொடி கழுவிய கரடுமுரடான மணல் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. செங்கல் துண்டு மிளகுக்கும் கொண்டைக்கடலைக்கும் இடைப்பட்ட அளவில் இருக்கட்டும். எம்-சாண்ட் என்றால் மாவுச் சல்லடையில் சலித்துத் தூளை எறிந்துவிடுங்கள். அந்தத் தூள்தான் சிமெண்ட்போல் இறுகும். தென்னைநார்க் கழிவு வேண்டாம். கோடையில் நல்ல பிள்ளைபோல் இருந்துவிட்டுக் கார்த்திகையில் வேரைக் கொன்றுவிடும்.

இந்த மூன்றையும் தொடாதீர்கள். கத்தரிக்கோலை வீட்டில் யாரிடமாவது கொடுத்துப் பூட்டச் சொல்லுங்கள். தளிர்கள் கன்னாபின்னாவென்று அரை மீட்டர் நீளும், மாடிக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள், நீளட்டும். அடியில் கிளைக்கும் ஒன்றிரண்டு கிளைகளைக் கட்டாயம் விட்டுவையுங்கள். அவை பின்னால் வெட்டுப்படப் போகிறவைதான்; இப்போது அடித்தண்டைப் பருக்கவைக்கும் கூலியாட்கள். மிச்ச ஆறில் நான்கை மாதம் ஒரு முறை வெட்டுங்கள். இரண்டை மட்டும் இப்போதுபோல ஞாயிறுதோறும் கிள்ளிக்கொண்டே இருங்கள், காட்டுக்குச் சோனியும் வேண்டும். இரண்டு வருடத்தில் ஒன்பதும் ஒன்பது விதமாக நிற்கும்.

பிறகு யானை வேலை, அதாவது எப்போதாவது ஒரு முறை பெரிதாக ஒடிப்பது. பொங்கல் கழிந்து மார்ச் கடைசிக்குள் ஒரு முறை. தேவைப்பட்டால் ஜூன் நடுவில் இன்னொரு முறை. அக்னி நட்சத்திரத்தில் மொட்டையடித்தால் வெளியே தெரியும் தண்டு வெந்துவிடும். அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை இப்படிப் பெரிதாக வெட்டினால் வெட்டுவாய் அழுகும். வெட்டுவதற்கு மூன்று நாள் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள், வெட்டிய பின் நான்கு நாள் விடாதீர்கள். வெட்டுவாயில் மஞ்சளும் வேண்டாம், பேஸ்டும் வேண்டாம், காற்றுப்பட்டுக் காயட்டும்.

எங்கே வெட்டுவது? இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக இருக்கும். ஒரு ஜோடி கிழக்கு மேற்காக நின்றால் அடுத்த ஜோடி வடக்கு தெற்காக நிற்கும். ஒரு ஜோடிக்குச் சற்று மேலே வெட்டினால் அந்த ஜோடியின் இரண்டு கக்கத்திலிருந்தும் தளிர் வரும். ஆக வெட்டும் இடம்தான் கிளையின் திசை. பக்கவாட்டில் ஓடும் கிளையில், இடமும் வலமுமாக நிற்கும் ஜோடிக்கு மேல் வெட்டுங்கள். மேலும் கீழுமாக நிற்கும் ஜோடியில் வெட்டினால் ஒன்று வானத்தைப் பார்க்கும், இன்னொன்று தட்டைப் பார்க்கும்; இரண்டும் வீண். கணுவை ஒட்டி வெட்டக் கூடாது, ஒரு சென்டிமீட்டர் மேலே விட்டு வெட்டுங்கள். இதன் தண்டு நீர்ச்சத்து நிறைந்தது, வெட்டுவாயிலிருந்து கீழ்க்கணுவரை காய்ந்து சுருங்கும். ஒட்டி வெட்டினால் அந்தக் காய்வு நீங்கள் நம்பியிருந்த மொட்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். சுருங்கிய துண்டு ஒரு மாதத்தில் விரல்பட்டாலே உதிரும்.

கம்பி கட்டுவதை எனக்குப் பிடிக்காது. தண்ணீர் ஏறிய கிளை கேரட்போல முறியும். வாடியபோது கட்டினால் வளையும், ஆனால் மறந்தால் ஒரே மாதத்தில் கம்பி தோலில் புதைந்துவிடும். வெட்டியே திசைதிருப்ப முடிகிற செடிக்குக் கம்பி எதற்கு?

வெட்டிய கிளைகளை எறிந்துவிடாதீர்கள். முருங்கைப் போத்து மாதிரிதான். நிழலில் ஒரு வாரம் காயவிட்டு, காய்ந்த கலவையில் நட்டு, இன்னொரு வாரம் கழித்துத் தண்ணீர் காட்டுங்கள். கட்டைவிரல் கனத் துண்டு என்றால் இரண்டு வாரம் காயட்டும். ஈரத்தோடு நட்ட அன்றே தண்ணீர் ஊற்றுபவர்கள்தாம் "எனக்குக் கைராசி இல்லை" என்று எழுதுகிறார்கள்.

தண்ணீர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நம் பக்கத்துக்காரர் என்பதால் சொல்கிறேன். உங்கள் படத்தில் தட்டின் விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருப்பது போர்த் தண்ணீரின் உப்பு. மாதம் ஒரு முறை லாரித் தண்ணீரையோ பிடித்துவைத்த மழைத் தண்ணீரையோ அடித்துளை வழியே வழிய வழிய ஊற்றிக் கழுவுங்கள். இலை சுருங்கியிருந்தால் தண்டை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் தாகம். மெத்தென்று அமுங்கினால் வேர் அழுகியிருக்கிறது. அதற்கு மேலும் தண்ணீர் ஊற்றுவது கொலை. அப்போது உங்கள் வீட்டார் சொல்லும் பாவத்தை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு வருடம் கழித்து மீண்டும் தட்டு. அறுபதுக்கு நாற்பது சென்டிமீட்டர் போதும். மிகத் தடித்ததை நடுவில் வைக்காதீர்கள், ஓரத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, சற்று முன்னால் வையுங்கள். இரண்டாவது அதன் பக்கத்திலேயே நெருங்கி நிற்கட்டும். முன்னாலிருந்து பார்த்தால் எந்தத் தண்டும் இன்னொன்றின் பின்னால் மறையக் கூடாது, எந்த மூன்றும் ஒரே கோட்டில் விழக் கூடாது, எந்த இரண்டு இடைவெளியும் ஒன்றாக இருக்கக் கூடாது. மெலிந்தவை பின்னாலும் ஓரத்திலும்; அப்போதுதான் தட்டுக்கு ஆழம் வரும். தட்டின் துளை வழியே கம்பி விட்டு வேரைக் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் மாலைக் கடற்காற்றில் ஆடி ஆடி வேர் பிடிக்காது.

இங்கே மட்டும் ஆட்டைக் கூப்பிட வேண்டும். அந்தப் பாவாடைக் கிளைகள் தென்னாப்பிரிக்காவில் செடிக்கு உயிர், தட்டில் காட்டைப் புதராக்கிவிடும். தண்டின் அடியில் மூன்றில் ஒரு பங்கு வெறுமையாக இருக்கட்டும். உள்பக்கம் பார்த்த கிளைகளையும் எடுத்துவிடுங்கள், எப்படியும் நிழலில் அவை காயும். வெளியோர மரங்களில் மட்டும் வெளிப்பக்கக் கிளைகளைத் தாழ்வாக விடுங்கள். கூலியாட்களையும் அப்போது அனுப்பிவிடலாம்.

உரம் கேட்டிருந்தீர்கள் அல்லவா? பெட்டிக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம், மாதம் ஒரு முறை, பிப்ரவரியிலிருந்து செப்டம்பர்வரை. அந்த மூன்று எவை என்று நீங்களே தீர்மானித்து, அடித்தண்டுக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படமெடுத்து அனுப்புங்கள். அடுத்த பொங்கலுக்கு அதே ஸ்கேலை வைத்து இன்னொரு படம்.

அன்புடன்,
அக்கா